ஒரு வீட்டுப் பதக்கங்கள்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மச்சான்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. இங்கிலாந்தின் ஹாட்லிபூலில் நம் ஊரின் பெயரோடு நிற்கும் அந்தக் கப்பலின் முன்னால் நீயும் மகளும் நிற்கிற படத்தை வீட்டில் எல்லோரும் மாறி மாறிப் பார்த்தோம். 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டிய கப்பல் இன்றைக்கும் தண்ணீரில் மிதக்கிறது என்றால் சும்மாவா? இங்கே எல்லோரும் சுகம். மாரி தொடங்கிவிட்டது. கடலுக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்டதால் மீன் விலை கேட்கவே பயமாக இருக்கிறது. என் முழங்கால் வலி பரவாயில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். போன கிழமை உன் அக்கா என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். உன் அப்பப்பாவின் பழைய அலுமாரியைக் கொடுப்பதற்காக ஒதுக்கியபோது அடித்தட்டில் துருப்பிடித்த புகையிலை டின் ஒன்று இருந்திருக்கிறது. அதற்குள் ஐந்து பதக்கங்கள். நட்சத்திர வடிவில் இரண்டு, வட்டமாக மூன்று. நீ இதைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை, உனக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அப்பப்பா பீரங்கிப் படையிலும் அவருடைய தம்பி கடற்படைத் தொண்டர் படையிலும் இருந்த கதை மட்டும் நமக்குத் தெரியும்.

மேசையில் பழைய பத்திரிகையை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். நட்சத்திரங்களுக்கு ஆறு முனை, நடுவில் அரசரின் முடியும் எழுத்தும். ஒன்று 1939-45 நட்சத்திரம், மற்றது பர்மா நட்சத்திரம். பர்மா நட்சத்திரத்தின் நாடாவில் கருநீலத்துக்கு நடுவே சிவப்பு, அதன் இரு பக்கமும் செம்மஞ்சள். வங்காள விரிகுடாவில் கப்பலில் ஓடியவர்களுக்கும் அது கிடைத்தது. ஆகவே நட்சத்திரங்கள் இரண்டும் தம்பியுடையவை. வட்டப் பதக்கங்களில் ஒன்று பாதுகாப்புப் பதக்கம். நடுவில் செம்மஞ்சள், ஓரங்களில் பச்சை, பச்சைக்குள் மெல்லிய கறுப்புக் கோடு. நெருப்பு, நிலம், விளக்கணைத்த இரவு என்று அந்த நிறங்களுக்குக் காரணம் சொல்வார்கள். அது தரையில் நின்ற அப்பப்பாவுக்கு உரியது. மீதி இரண்டும் ஒரே மாதிரியான போர்ப் பதக்கங்கள், ஒரு சிங்கம் இரட்டைத் தலை வேதாளப் பாம்பின்மேல் ஏறி நிற்கும். ஆளுக்கு ஒன்று.

அக்கா கேட்ட முதல் கேள்வி, "இதெல்லாம் வீரத்துக்குக் குடுத்ததோ?" இல்லை மச்சான். இவை போர்க்காலத்தில் குறித்த இடத்தில் குறித்த காலம் பணியில் இருந்த எல்லோருக்கும் கிடைத்தவை, லட்சக்கணக்கில் அடித்தவை. அப்படிச் சொன்னதும் அவருடைய முகம் கொஞ்சம் வாடிப்போனது. ஆனால் டின்னின் மூலையில் கறிவேப்பிலை அளவில் ஒரு வெண்கல இலை கிடந்தது. உடைந்துபோன புரோச் என்று நினைத்து அதைக் குப்பையில் போட எடுத்து வைத்திருந்தார். திருப்பிப் பார்த்தேன். பின்னால் நாடாவில் குத்தி மடிப்பதற்கான இரண்டு முட்கள். அது ஓக் இலை. ஒரு செயலுக்காகத் தளபதியின் அறிக்கையில் பெயர் எழுதப்பட்டவர்கள் போர்ப் பதக்கத்தின் நாடாவில் அதை அணிவார்கள். பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா குரொஸோடு பார்த்தால் கடைசிப் படி. இருந்தாலும் வீரத்துக்கும் சிறந்த சேவைக்கும் உரிய அடையாளம் அதுதான். பெயர் பிரித்தானிய அரசிதழான லண்டன் கசெற்றில் அச்சாகும், தாளில் ஒரு சான்றிதழும் வரும். அந்தத் தாள் டின்னில் இல்லை.

யாருடைய இலை? இரண்டு போர்ப் பதக்கங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றின் நாடாவில், நடுச் சிவப்புக் கோட்டை ஒட்டி, இரண்டு சின்னத் துளைகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பதக்கம் அண்ணனுடையதா தம்பியுடையதா என்று எதை வைத்துச் சொல்வது? முதல் உலகப் போரின் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றிப் பெயரும் இலக்கமும் பொறித்தார்கள். இரண்டாம் போரில் பிரித்தானியப் படைகளுக்கும் நம்முடைய படைகளுக்கும் பெயர் பொறிக்காமலே கொடுத்துவிட்டார்கள். பெயர் இல்லாத உலோகம், டின்னை விட்டு வெளியே எடுத்தால் யாருடையதாகவும் ஆகிவிடும்.

இதனால்தான் உன் மகள் பள்ளிக்கூடத்துக்காக எழுதுகிற பிராட்ஃபோர்ட் சகோதரர்களின் கதை என் மனதை விட்டுப் போகவில்லை. நீ இருக்கிற டர்ஹம் பக்கத்து விட்டன் பார்க்கில் பிறந்தவர்கள், தகப்பன் சுரங்கத் தொழிலில் இருந்தவர். நான்கு ஆண்பிள்ளைகள், முதல் உலகப் போரில் நான்கு பேருக்கும் வீரப் பதக்கம். மூத்தவர் தொமஸுக்கு அதிகாரிகளுக்கான டி.எஸ்.ஓ. பதக்கம். ஜேம்ஸுக்கு மிலிட்டரி குரொஸ், 1917 மே மாதம் காயத்தோடு இறந்தார். இளையவர் ரோலண்ட் 1916 ஒக்டோபர் 1ஆம் திகதி, பக்கத்துப் படையணியின் தளபதி காயப்பட்டு விழ, தன் படையணியோடு அதையும் சேர்த்து நடத்தி விக்டோரியா குரொஸ் பெற்றார். 25 வயதில் பிரிகேடியர் ஜெனரல், 1917 நவம்பர் 30ஆம் திகதி எறிகணையில் இறந்தார்.

இரண்டாமவர் ஜோர்ஜ் கடற்படைக்காரர். அவருடைய செயலை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை, இறங்குதுறையில் வள்ளம் கட்டிப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். 1918 ஏப்ரல் 23, பெல்ஜியத்தின் சீப்ரூக். எதிரியின் அலைதடுப்புச் சுவரோடு அவருடைய கப்பலைக் கட்ட வேண்டும், கட்டினால்தான் வீரர்கள் ஏறலாம். கடல் எழும்பி விழுகிறது. கப்பல் சுவரில் மோதி மோதி விலகுகிறது. ஏணி நிற்கவில்லை, கொளுக்கி பிடிக்கவில்லை. கப்பலைக் கட்டுவது அவருடைய வேலையே இல்லை, கரையில் இறங்கித் தாக்கும் பிரிவுக்குத்தான் அவர் தலைவர். இருந்தும் நங்கூரம் தொங்கிய பாரந்தூக்கிக் கம்பத்தில் ஏறி, கம்பம் சுவரின்மேல் ஆடி வந்த நேரம் பார்த்து நங்கூரத்தோடு குதித்தார். நங்கூரத்தைச் சுவரில் மாட்டினார். மாட்டின கையோடு இயந்திரத் துப்பாக்கிச் சூடு பட்டு, சுவருக்கும் கப்பலுக்கும் நடுவே கடலில் விழுந்தார். அன்றைக்கு அவருடைய 31ஆவது பிறந்தநாள். உடல் பிளாங்கென்பெர்க் கரையில் ஒதுங்கியது.

ஒரு வருடம் முடியுமுன்னே மூன்று பிள்ளைகள். ஜோர்ஜின் பதக்கம் 1919 மார்ச்சில்தான் அறிவிக்கப்பட்டது. அதை அரசரிடமிருந்து வாங்கியது தாய். எனக்கு இந்த இடத்தில்தான் மனம் நின்றுவிடுகிறது. ஒரே குடும்பத்தில் இத்தனை பதக்கம் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள், கை நீட்டி வாங்கியவரைப் பற்றி ஒரு வரியோடு போய்விடுகிறார்கள். நம் ஊரிலும் ஒரே சுவரில் இரண்டு மூன்று பிள்ளைகளின் படத்துக்கு மாலை போட்ட வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுத் தாய்மாரோடு இருந்து கதைத்தவர்கள் நாம். மகள் எழுதும்போது அந்த அம்மாவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்.

இன்னொரு வீட்டுக் கதையையும் அவளுக்குச் சொல். 1899 டிசம்பர் 15, தென்னாபிரிக்காவில் கொலென்சோ. கைவிடப்பட்ட பீரங்கிகளை மீட்கப் போனவர்களில் இருவர் ஃபிரெடி ரொபர்ட்ஸும் வோல்டர் கொங்கிரீவும். இருவருக்கும் விக்டோரியா குரொஸ். ரொபர்ட்ஸ் இரண்டு நாளில் இறந்துவிட்டார். அவருடைய தகப்பன் ஏற்கெனவே அதே பதக்கம் பெற்றவர். மகனுடைய பதக்கத்தை விக்டோரியா அரசியே தாயின் கையில் கொடுத்தார். கொங்கிரீவ் உயிரோடு திரும்பினார். ஆனால் அவருடைய மகன் பில்லி 1916 ஜூலையில் சோம் போரில் இறந்து அதே பதக்கம் பெற்றார். கலியாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவருக்குக் கிடைத்த மூன்று பதக்கங்களையும் அரண்மனைக்குப் போய் வாங்கியவர் மனைவி. அப்போது அவர் பிள்ளைத்தாய்ச்சி.

பெரிய ரொபர்ட்ஸுக்கு அந்தப் பதக்கம் கிடைத்தது 1857 கிளர்ச்சியை அடக்கிய போரில். அதே போரில் கோஃப் சகோதரர்கள் இருவருக்கும் கிடைத்தது, ஒருவருக்கு எழுதிய காரணங்களில் காயப்பட்ட தம்பியைக் காப்பாற்றியதும் ஒன்று. தம்பியைக் காத்த துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் எதிரே நின்று விழுந்தவர்களும் அண்ணன் தம்பிகள்தான், அவர்களுக்காக எழுதி வைக்க ஆள் இல்லை. இந்தியச் சிப்பாய்களுக்கு விக்டோரியா குரொஸ் கிடைக்கலாம் என்று ஆனதே 1911இல். 1914இல் குதாதாத் கான் முதலாவதாகப் பெற்றார். பிராட்ஃபோர்ட் பிள்ளைகளின் காலத்தில் அதிகாரி என்றால் மிலிட்டரி குரொஸ், சாதாரணச் சிப்பாய் என்றால் அதே துணிச்சலுக்கு மிலிட்டரி மெடல். 1993இல்தான் அந்தப் பிரிவினையை எடுத்தார்கள். இதையும் மகள் எழுதினால் நல்லது.

பதக்கம் கிடைக்க யாராவது பார்த்திருக்க வேண்டும், பார்த்தவர் பிழைத்து வந்து எழுத்தில் கொடுக்க வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டதை நினைத்துப் பார். சீனக்குடா விமானத்தளம், துறைமுகம், எல்லாம் அடிபட்டன. எண்ணெய்க் குதம் ஒன்றில் ஒரு விமானம் விழுந்து எரிந்தது, அந்தக் குதத்தின் உருகிய இரும்பு இன்னும் காட்டுக்குள் கிடக்கிறது. முந்தின இரவு இங்கிருந்து புறப்பட்ட ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. நிலாவெளி வீதியில் உள்ள யுத்த மயானத்தில் கல்லுக்குக் கல் பெயரும் திகதியும் இருக்கின்றன. ஆனால் டொக்யார்டில் வேலை செய்த நம் ஆட்கள் அன்றைக்கு யாரைத் தூக்கி ஓடினார்கள், எதை அணைத்தார்கள் என்பதை வீட்டுத் திண்ணைகளில் கேட்டதுதான். சொன்னவர்களும் போய்விட்டார்கள்.

இப்போது அக்கா என்ன நினைத்திருக்கிறார் தெரியுமா? நட்சத்திரங்கள் இரண்டும் ரொறன்ரோவில் உள்ள தங்கைக்கு, ஒரு போர்ப் பதக்கம் உனக்கு, மீதி தனக்கு. நியாயமாகப் பங்கு போடுகிறார், பாசத்தில்தான். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. விக்டோரியா குரொஸின் பின்பக்கம் பெயரும், அந்தச் செயல் நடந்த திகதியும் வெட்டியிருக்கும், அது எந்த நாட்டுக்குப் போனாலும் தன் கதையைத் தானே சொல்லிவிடும். அப்படி இருந்தும் பிராட்ஃபோர்ட் சகோதரர்களின் இரண்டு குரொஸ்களும் ஒரே இடத்தில் சேரவில்லை: ரோலண்டுடையது டர்ஹம் படைப்பிரிவின் சேகரிப்பில், ஜோர்ஜுடையது ஒரு செல்வந்தரின் சேகரிப்பில். உன் வீட்டுப் பதக்கங்களில் பெயரே இல்லை. மூன்று நாட்டுக்குப் பிரிந்தால், நம் பேரப்பிள்ளைகள் கையில் இருக்கப் போவது பழைய உலோகத் துண்டுகள்தான். அந்த இலை யாருடையது என்று கண்டுபிடிக்கிற வழியும் அதோடு முடிந்துவிடும்.

அதனால் நீ சில வேலைகள் செய்ய வேண்டும். லண்டன் கசெற்றின் பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். 1942 தொடக்கம் 1946 வரை இரண்டு பேருடைய பெயரையும் போட்டுப் பார். நம் பெயர்களை வெள்ளைக்காரர் எப்படி எழுத்துக்கூட்டுவார்கள் என்று உனக்குத் தெரியும், எல்லா விதமாகவும் தேடு. அப்புறம் ரொறன்ரோ மாமி. அப்பப்பாவின் பிள்ளைகளில் மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். அவருடைய சித்தப்பா இலையைக் குத்திக்கொண்டு நின்ற ஞாபகம் இருக்கிறதா, அவருடைய அப்பா குத்தியிருந்தாரா என்று கேள். கேட்கும்போது போனில் பதிந்துகொள். துளை உள்ள நாடாவையும் இலையின் இரண்டு பக்கத்தையும் பெரிதாகப் படமெடுத்து இத்தோடு வைத்திருக்கிறேன். மாமிக்கு அதைக் காட்டு.

நான் இங்கே ஒரு தாளில் எந்தப் பதக்கம் எது, யாருடையதாக இருக்கலாம், எங்கே கிடைத்தது என்று எழுதி, அக்காவிடம் கையெழுத்தும் வாங்கி டின்னுக்குள் வைத்துவிட்டேன். பதக்கங்களைப் பிரசோ போட்டுத் தேய்க்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். ஆனால் பங்கு விசயத்தில் நான் வெளியாள், அதிகம் கதைக்க முடியாது. நீ தம்பி, நீ சொன்னால் கேட்பார். இந்தக் கிழமையே போன் எடு. தை பிறந்ததும் ரொறன்ரோவிலிருந்து உன் மச்சினன் வருகிறாராம். அவரிடம் கொடுத்துவிட நட்சத்திரங்கள் இரண்டையும் அக்கா ஏற்கெனவே துணியில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறார்.

மகளுக்கு என் அன்பு. எழுதி முடித்ததும் ஒரு பிரதி எனக்கும் வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்