சின்னவனை அழவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த ராத்திரி நான் உன் வீட்டில்தான் இருந்தேன். புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. கரண்ட் இல்லை. ரெயின்போ நகர்த் தெருத் தண்ணீர் வாசப்படி ஏறிக்கொண்டிருந்தது. உன் சின்னவன் அழுதான். "ஆம்பளப் புள்ள அழுவுறதா? வாய மூடு" என்றாய். உடனே நிறுத்திவிட்டான். நீ பீரோ அடித்தட்டுத் துணிகளைக் கட்டில்மேல் ஏற்றப் போய்விட்டாய். நான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பனியன் கழுத்தை இழுத்து வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தான். காலையில் பார்த்தால் அந்த இடம் கிழிந்திருந்தது.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நம் கொல்லையில் தாத்தா வைத்த பலா 11, ஒன்றுகூட மிஞ்சவில்லை. மறுபடி வைத்துக் காய்த்துக் காசு பார்க்க வருஷக்கணக்காகும் என்று அப்பாவுக்குத் தெரியும். கொல்லையிலிருந்து வந்தவர் குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினார். அன்றிலிருந்து தொட்டதற்கெல்லாம் கோபம். ரீசார்ஜுக்கு 50 ரூபாய் கேட்டதற்கு உன்னை அடிக்க வந்தாரே. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நாம் அடுத்த அறைக்குப் போய்விடுவோம்.

அப்பா போன பிறகுதான் அம்மா என்னிடம் சொன்னார். ராத்திரியில் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுவாராம். அம்மா பக்கத்தில் போனால் எழுந்து போய்விடுவாராம். "பயமா இருக்கு, உங்களை எப்படிப் படிக்கவைப்பேன்னு தெரியல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்போமே, தம்பி. கோபக்காரர் என்று நினைத்தே அவரை அனுப்பிவைத்துவிட்டோம்.

என் வகுப்புப் பிள்ளைகள் பயம், வெட்கம், ஏக்கம் எல்லாவற்றுக்கும் "கடுப்பா இருக்கு மிஸ்" என்றுதான் சொல்கிறார்கள். வேறு வார்த்தை வீட்டில் காதில் விழவில்லை. "பயமா, இல்ல அம்மாவத் தேடுதா?" என்று எடுத்துக் கொடுத்தால் பாதி அழுகை அங்கேயே அடங்கும். 2007இல் அமெரிக்காவில் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தவர்கள், உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது பயத்தில் துடிக்கும் பகுதியின் வேகம் குறைவதைக் கண்டார்கள். அப்புறம், நீ சின்னவனிடம் கத்திவிட்டால் பிறகு போய் "அப்பா கத்துனது தப்புடா" என்று சொல். அதனால் உன் மரியாதை குறையாது. இதை நான் பல வருஷமாக வகுப்பில் செய்துவருகிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ராத்திரி உன் கையும் நடுங்கியது. மெழுகுவத்தியை இரண்டு தரம் தவறவிட்டாய். அவனிடம் அதைச் சொல். அப்பாவுக்கும் அன்னைக்குப் பயமாக இருந்தது என்று தெரிந்தால் பிள்ளை பனியனைக் கடிக்க மாட்டான், உன் மடிக்கு வருவான்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வா. கொல்லைக்குப் போவோம். தானேவுக்கு அப்புறம் அப்பா வைத்த பலா இந்த வருஷமும் காய்த்திருக்கிறது. அவன் தாத்தா மாட்டுக்கொட்டகையில் அழுத கதையை நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அக்கா