காட்டுக்குள் நாலு நாள் தனியாக நிற்கப்போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

ஆவணியில் வருகிறாயாம், வந்ததும் முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கக் காட்டுக்குள் ஒரு கத்தியோடும் கூடாரத்தோடும் நாலு நாள் தனியாக நிற்கப்போகிறாயாம். அக்கா போனில் அழுதா. மாமா சொன்னால் கேட்பாய் என்று அவவுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அது இல்லை. எனக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் நின்றது ஒரே ஒரு இரவு. 2014 ஆவணி. கன்றோடு போன எருமை இரண்டு நாளாகப் பட்டிக்குத் திரும்பவில்லை, தேடிப் போனேன். கையில் கத்தி, மடியில் தீப்பெட்டி, அரைப் போத்தல் தண்ணீர். பிறந்ததிலிருந்து பார்க்கிற காடு, இதற்குள் எனக்குத் திசை கெடுமா என்ற எண்ணம்.

கெட்டது. ஆவணி நடுப்பகலில் வன்னியில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், நிழல் காலுக்குள்ளேயே கிடக்கும். கிழக்கு எது, மேற்கு எது? எந்தப் பக்கம் பார்த்தாலும் பாலையும் வீரையும்தான். கரடி தோண்டிப்போட்ட புற்றொன்றைத் தாண்டி நேரே நடந்தேன். அரை மணித்தியாலத்தில் அதே புற்று. மூன்றாம் தரமும் அதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன்.

2009 இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கட்டி ஆட்களைக் காட்டுக்குள் நடக்கவிட்டதைப் பிறகுதான் வாசித்தேன். சூரியனைக் கண்டவர்கள் நேரே போனார்கள். மேகம் மூடிய நாளில் போனவர்கள் நேரே போகிற நினைப்பிலேயே வட்டமடித்தார்கள்.

பசியை விடு, சாப்பாடில்லாமல் கிழமைக்கணக்கில் உயிர் நிற்கும். தண்ணீர் அப்படியில்லை. வெயிலில் நடந்தால் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வியர்வையாகவே போய்விடும். பின்னேரம் நாக்கு அண்ணத்தில் ஒட்டி, இழுத்தால் ‘டக்’ என்றது. மூத்திரம் பிளேன்ரீ நிறம்.

நீ அனுப்பிய ஜூலியானே கோப்கேயின் கதையைப் பார்த்தேன். 1971 இல் பெருவில் விமானம் விழுந்து, 17 வயதுப் பிள்ளை ஓடைவழியே நடந்து 11 ஆம் நாள் ஆட்களிடம் சேர்ந்தது உண்மை. ஆனால் அது மழைக்காடு. ஆவணியில் எங்கள் காட்டாறு வெறும் மணல். மருதமரம் வரிசையாக நின்றதால்தான் ஆறென்றே தெரிந்தது. வளைவில், மருத வேரடியில் முழங்கை ஆழம் தோண்டியபின் மணல் கறுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கல் ஊறியது. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தால் வடித்துக் குடித்தேன். பக்கத்தில் காயாத யானை லத்தி. நமக்குத் தண்ணீர் தெரிந்த இடம் அதற்கும் தெரியும். அதனால் அங்கே படுக்கவில்லை, தள்ளிப்போய் ஒரு கற்பாறையில் ஏறி இருந்தேன்.

இருட்டியபின் உடம்பில் பெரிய கரைச்சல் இல்லை. ஆனால் சருகு அசைந்தால் கரடி, அசையாவிட்டால் அதைவிடப் பெரிய கரடி. நடுச்சாமம் இருக்கும், “தம்பி, சாப்பிட வா” என்று அக்காவின் குரல். உன் அம்மா. அப்போது அவ கனடா போய்ப் பத்து வருசம்! “ஓம், வாறன்” என்று சொல்லிப் பாறையிலிருந்து இறங்கி நடந்துவிட்டேன். பத்து அடி இருக்கும், சூரை முள் சாரத்தைப் பிடித்து இழுத்தது. முள்ளைக் கழற்றக் குனிந்தபோதுதான் புத்தி வந்தது. இருட்டில் யார் கூப்பிட்டாலும் மூன்றாம் தரம் கூப்பிடும்வரை பதில் சொல்லாதே என்று அம்மம்மா சொல்லுவா. அக்கா ஒரு தரம்தான் கூப்பிட்டா.

விடிய லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் சத்தம் கேட்டது. ரோட்டுக்கு ஒரு மைல்கூட இல்லை. எருமை எனக்கு முன்னமே வீட்டில்.

2009 இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்து பிள்ளைகுட்டிகளோடு தறப்பாளுக்குக் கீழே கிடந்த சனத்திடம், ‘தனியாகப் பிழைத்துப் பார்க்கிறேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதே. மிதிவெடிப் பலகை கண்டால் அதைத் தாண்டாதே. வன இலாகாவில் கேட்காமல் உள்ளே போகேலாது, அதை நான் பார்க்கிறேன்.

அப்படியும் போவாய் என்றால், ஒரு விசில் வாங்கி வா. திசை கெட்டால் நடக்காதே, இருந்த இடத்திலேயே இருந்து மூன்று தரம் ஊது. நான் தேடி வந்தாலும் மூன்று தரம் கூப்பிடுவேன். மூன்றாவதுக்குப் பிறகு பதில் சொல்லு.

அன்புடன்,
மாமா