முதலில் சீட்டை உயர்த்து

அன்னவாசல்,
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. அப்பாயி வழக்கம்போல் வெற்றிலைக்குச் சண்டை பிடிக்கிறார்கள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

எடை குறைக்க நீ சைக்கிள் ஓட்டத் தொடங்கியது பற்றிச் சில விஷயம் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் குறுக்கே பேச முடியாது அல்லவா? பொறுமையாக உட்கார்ந்து படி.

நீ சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சைக்கிள் நல்ல சைக்கிள்தான். சீட்டுதான் ரொம்ப இறங்கிக் கிடக்கிறது. அத்தனை மடங்கின காலோடு மிதித்தால் முட்டிக்கு முன்னால் வலிக்காமல் என்ன செய்யும்? நீயோ "என் எடையை முட்டி தாங்கலம்மா" என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். சைக்கிளில் உன் எடையில் பெரும்பங்கைச் சீட்டு வாங்கிக்கொள்ளும். அதனால்தான் கனத்த உடம்புக்காரர்களுக்கு ஓட்டப்பயிற்சியைவிட இது நல்லது என்கிறார்கள். கோளாறு உயரத்தில் இருக்கிறது.

இப்படிச் செய். மாப்பிள்ளையைச் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறி உட்கார். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வை. கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் சீட்டை இறுக்கு. ஓட்டும்போது முன்பாதத்தால்தான் மிதிப்பாய், அப்போது முட்டி தானாகக் கொஞ்சம் மடங்கி நிற்கும். அதுதான் சரியான அளவு. இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடினால் சீட்டு அதிகமாக ஏறிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் இறக்கு. நின்றால் இரண்டு காலும் தரையில் படாதே என்று பயப்படுவாய். பட வேண்டியதில்லை. நிறுத்தும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகு. தெருமுனைக் காலி இடத்தில் நாலு நாள் பழகினால் வந்துவிடும்.

உட்காரும் இடம் வலிப்பது வேறு சங்கதி. புதிதாக ஓட்டுகிற எல்லோருக்கும் முதல் இரண்டு வாரம் வலிக்கும், பிறகு பழகிவிடும். மெத்துமெத்தென்று ஜெல் சீட் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ரொம்ப மெத்தென்ற சீட்டில் உடம்பு புதைந்து, தொடை உரசிப் புண்ணாகும். சீட்டு கிடைமட்டமாக இருக்கிறதா, மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார். தடித்த தையல் போட்ட ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஓட்டாதே. உங்கள் அப்பார்ட்மெண்ட் பையன்கள் போடும், உடம்போடு ஒட்டிக்கிடக்கும் சைக்கிள் சட்டையும் வேண்டாம். உள்ளே திண்டு வைத்துத் தைத்த டவுசர் ஒன்று மட்டும் வாங்கி சுடிதாருக்குள் போட்டுக்கொள், யாருக்கும் தெரியாது. துப்பட்டா வீட்டில் இருக்கட்டும். அது சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கியர் இருபத்தொன்று என்று பெருமையாகச் சொன்னாய். முன்னால் நடுப் பல்சக்கரத்தில் போட்டுவிட்டு அதை மறந்துவிடு, பின்னால் மட்டும் மாற்று. இறுக்கி மிதித்தால்தான் கொழுப்பு கரையும் என்று யார் சொன்னது? லேசான கியரில், நிமிஷத்துக்கு அறுபது எழுபது சுற்று பெடல் சுற்ற வேண்டும். இறுக்கி மிதித்தால் முட்டிக்குத்தான் சுமை கூடும். வேகத்துக்கு ஒரே அளவு: மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், ஆனால் பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். நெஞ்சு அழுத்தினாலோ தலை சுற்றினாலோ இறங்கிவிடு, வீராப்பு வேண்டாம். சீட்டை ஏற்றிய பிறகும் முட்டி வலி தொடர்ந்தால் டாக்டரைப் பார்.

இப்போது எடைக்கு வருகிறேன். தினமும் காலையில் மெஷினில் ஏறிப் பார்த்துவிட்டு எனக்கு எண்ணை மெசேஜ் பண்ணுகிறாயே, அதை நிறுத்து.

அம்மாவுக்கு எடை போடுவதுதானே வேலை. அங்கன்வாடியில் மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறேன். ஒற்றைப் புள்ளியைக் காட்டித் தாயைப் பயமுறுத்தக் கூடாது என்பதுதான் எங்களுக்குப் பயிற்சியில் சொன்ன முதல் பாடம். புள்ளிகளைச் சேர்த்த கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். முந்தின நாள் உப்பு தூக்கலாகச் சாப்பிட்டிருந்தால், மாதவிலக்கு நெருங்கினால், வயிறு சரியாகப் போகாவிட்டால் ஒரு கிலோ இங்கே அங்கே போகும். அதிலும் புதிதாக வேலை செய்யத் தொடங்கிய தசை மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும், அதோடு தண்ணீரையும் பிடித்து வைக்கும். முதல் சில வாரம் எடை இறங்காமல் நிற்பதும், அரை கிலோ கூடுவதும் சகஜம். அந்த நேரத்தில்தான் பாதிப் பேர் சைக்கிளைப் பால்கனியில் துணி காயப்போட விட்டுவிடுகிறார்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உன் 78 கிலோவுக்கு, சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் மிதித்தால் சுமார் 200 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. வாரம் ஐந்து நாள் ஓட்டி, சாப்பாட்டை ஒரு பருக்கைகூடக் கூட்டாமல் இருந்தால் மாதம் அரை கிலோ. அவ்வளவுதான். ஓட்டிவிட்டு வருகிற வழியில் ஒரு மசால் தோசை சாப்பிட்டால் அன்றைய கணக்கு நேர். ஆகவே எடையைக் குறைப்பது பெரும்பாலும் தட்டில்தான் நடக்கும். உனக்கு இரவுச் சாப்பாடுதான் வினை. பத்து மணிக்கு மேல் ஆப்பில் வரவழைத்துத் தின்பதை விட்டாலே பாதி வேலை முடிந்தது.

அப்படியானால் சைக்கிள் எதற்கு என்று கேட்பாய். உன் ரிப்போர்ட்டில் HbA1c, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதத்து ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எண், 6.0 என்று சொன்னாயே, அதற்கு. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரையின் வாசற்படி. வேலை செய்யும் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும், ஓட்டி முடித்த பிறகும் பல மணி நேரம் இன்சுலின் சொல்லுக்குச் சுலபமாகக் கட்டுப்படும். எடை இறங்கினாலும் இறங்காவிட்டாலும் இது நடக்கும். சென்னையிலேயே ஒரு ஆராய்ச்சி செய்து 2006-ல் வெளியிட்டார்கள். உன்னைப்போல் வாசற்படியில் நின்ற ஐந்நூற்றுச் சொச்சம் பேரை மூன்று வருஷம் கவனித்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, தினம் அரை மணி நேரம் நடக்கவோ சைக்கிள் மிதிக்கவோ சொல்லிப் பின்தொடர்ந்தவர்களில் 39 பேருக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை. எங்கள் பயிற்சியில் டாக்டரம்மா இதைச் சொன்னபோது உன் நினைப்புதான் வந்தது.

மாதம் ஒருமுறை எடை பார். அதைவிட, ஒரு இஞ்ச் டேப் எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே வயிற்றை அள. நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குமேல் போனால் ஆபத்து என்கிறார்கள். எடை அசையாத மாதத்திலும் டேப் அசையும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து எண் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொன்று. இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வந்தபோது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். பெண்கள் சைக்கிள் ஓட்டினால் இழிவாகப் பேசுகிற காலம் அது. 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்குமேல் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு மணியடித்தபடி புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு, அதனால் முன்னால் பார் வைத்த ஆம்பிளை சைக்கிளையே வாங்கினோம். அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது பிறகுதான் லாபமாகத் தெரிந்தது. எடை குறைக்க ஓட்டியவள் ஒருத்தியும் கிடையாது. எங்களில் பாதிப் பேருக்கு எடை கூட வேண்டியிருந்தது! கேரியரில் தண்ணீர்க் குடம், ரேஷன் அரிசி, கல்குவாரிக்குச் சோறு, பஸ்ஸே எட்டிப்பார்க்காத ஊருக்குப் போக்குவரத்து. வேலை இருந்ததால் ஓட்டினோம். மழை, வெயில், மனசு சரியில்லை என்று ஒரு நாள்கூட யோசித்தது கிடையாது. யோசிக்க முடியாது, தண்ணீர் வேண்டுமே.

நீ விடிகாலையில் அலாரம் வைத்து எழுந்து, எங்கேயும் போகாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்புகிறாய். முதல் மாசம் அது ஓடும். அப்புறம் ஒரு நாள் மழை பெய்யும், ஒரு நாள் பிள்ளைக்குச் சளி பிடிக்கும், அலாரத்தை அமத்திவிட்டுப் படுத்துக்கொள்வாய். ஆகவே சைக்கிளுக்கு ஒரு வேலை கொடு. காய்கறி சைக்கிளில்தான் வரும் என்று வைத்துக்கொள். கேரியரும் முன்னால் கூடையும் போட்டுவிடு, கடைக்காரர் அழகு கெடும் என்பார், காதில் வாங்காதே. ஆபீஸ் ஐந்து கிலோமீட்டர்தானே? வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளில் போ, மற்ற நாள் ஸ்கூட்டியில் போ. மாற்றுத் துணியும் ஒரு துண்டும் பையில் இருக்கட்டும். போக வர ஒரு மணி நேரத்துக்குள் முடியும், தனியாக உடற்பயிற்சி நேரம் தேடவும் வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிஷம் உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதல்லவா, அதில் பெரும்பகுதி இப்படியே தேறிவிடும்.

ஆனால் ரோடு விஷயத்தில் எங்கள் காலத்துப் பேச்சைக் கேட்காதே. எங்களுக்கு எதிரே மாட்டுவண்டிதான் வரும், உனக்குத் தண்ணீர் லாரி. வேளச்சேரி நூறடிச் சாலையில் ஏறாதே, ஒரு கிலோமீட்டர் கூடினாலும் உள்தெரு வழியாகப் போ. ஹெல்மெட் கட்டாயம், பின்னால் விட்டுவிட்டு எரியும் சிவப்பு விளக்கும் கட்டாயம். நிற்கும் கார்களை ஒட்டி ஓட்டாதே, யாராவது கதவைத் திறப்பார்கள். நாய் துரத்தினால் வேகமெடுக்காதே. இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உனக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நட. பெரும்பாலும் அதுவும் நடையாகத் திரும்பிவிடும்.

ஏப்ரல் மே மாதத்தில் ஏழு மணிக்குள் திரும்பிவிடு. அரை மணி ஓட்டத்துக்குத் தண்ணீரே போதும், கலர் கலராக விற்கும் பானங்கள் எல்லாம் சர்க்கரைக் கரைசல்தான். வெயிலில் ரொம்ப வேர்த்தால் உப்புப் போட்ட நீர்மோர் குடி. வந்ததும் பசி பறக்கும். வெறும் இட்லி நாலைந்தைப் போட்டுக்கொள்ளாமல் இரண்டு இட்லி, கூட முட்டையோ சுண்டலோ வை, மதியம் வரை தாங்கும். மாதவிலக்கு நாளில் ஓட்டலாமா என்று தயங்கிக் கேட்டிருந்தாய். உடம்பு முடிந்தால் ஓட்டு, முடியாவிட்டால் படு. வேறு தடை ஒன்றும் கிடையாது.

மழைக்காலம் வருமுன் செயினைப் பழந்துணியால் துடைத்து ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடு, மிச்சத்தைத் துடைத்துவிடு, இல்லாவிட்டால் மண் ஒட்டும். தேங்காய் எண்ணெய் விடாதே, உன் அப்பா விடச் சொல்வார். வாரம் ஒரு தடவை காற்றுப் பார். எத்தனை அடிக்க வேண்டும் என்று டயர் ஓரத்திலேயே அச்சடித்திருக்கும். காற்று குறைந்த சைக்கிளை மிதித்துவிட்டு "எனக்குத் தெம்பே இல்லம்மா" என்று அழுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அப்பா அங்கே வரும்போது கைப்பம்பு கொடுத்துவிடுகிறேன். உன் டியூப் வால்வு மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் தடிமனா, நம் பழைய சைக்கிளைப்போல் மெல்லியதா என்று பார்த்து போட்டோ அனுப்பு. அதற்குத் தகுந்த பம்பு வாங்க வேண்டும். சீட்டை ஏற்றிய பிறகு உட்கார்ந்து பக்கவாட்டில் ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா