குளத்தை விடியுமுன் போய்ப் பார்க்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரிக் களப்பயணங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சூழலியலை வகுப்பறைக்கு வெளியே கற்பிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மாணவர்களை எங்கே அழைத்துப் போவது, எத்தனை முறை போவது என்பதைக் கட்டுரை தொடவில்லை. இருபது வருடங்களுக்கும் மேலாகத் தாவரவியல் கற்பிக்கிறேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

நானும் பல வருடங்கள் மாணவர்களைப் பஸ்ஸில் ஏற்றித் தொலைவிலுள்ள காடுகளுக்குக் கூட்டிப் போனவள்தான். காலையில் போய் இறங்குவோம். வழிகாட்டி சொல்லும் பெயர்களைக் குறித்துக்கொள்வோம். இலைகளைப் பறித்துத் தாள்களுக்கு நடுவில் வைப்போம். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். அடுத்த வாரம் நாற்பது ரெக்கார்ட் நோட்டும் ஒரே மாதிரி வந்து சேரும். பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காட்டில் எது எதை நம்பி வாழ்கிறது, எது குறைந்துகொண்டு வருகிறது என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு நாளில் அதெல்லாம் கண்ணில் படாது.

ஒரு வருடம் பயணத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. சரி என்று கல்லூரிக்குப் பின்னாலிருக்கும் குளத்துக்கு நடந்தே போனோம். நேரம் பகல் பதினொன்று இருக்கும். பச்சைப்பசேலென்றிருந்த தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை அளந்தோம். 1888இல் வேதியியலாளர் வின்க்ளர் வகுத்த டைட்ரேஷன் முறைதான், அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளப்பது, அதற்கு வேண்டியதெல்லாம் சாதாரண ஆய்வகத்திலேயே இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில் நன்னீர் காற்றிலிருந்து லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். எங்கள் குளத்தில் அதற்கும் மேலே வந்தது. குளம் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அப்போது ஒரு மாணவி, "அப்படியானால் காலையில் மீனெல்லாம் ஏன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது?" என்று கேட்டாள். அவள் தினமும் அந்தக் கரையில் நடக்கப் போகிறவள்.

மறுநாள் விடியுமுன் போய் அளந்தோம். முதல் நாள் அளவில் கால்வாசிகூட இல்லை. பகலில் பாசி வெயிலை வைத்து ஆக்ஸிஜனை உண்டாக்குகிறது. ராத்திரியிலோ அதே பாசி, மீன்கள், மட்கியதைத் தின்னும் பாக்டீரியா எல்லாமே இருப்பதைச் செலவழிக்கின்றன. விடிவதற்குச் சற்று முன்புதான் இருப்பு மிகவும் குறைந்துபோகிறது. பதினொரு மணிக்கு வந்து போகிறவர்களுக்கு அந்தக் குளம் எப்போதும் நலமாகவே தெரியும்.

இவ்வளவு பாசி எங்கிருந்து வந்தது? நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதற்குத் தீனி. நீர் வரும் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். அதன் மறுமுனை எங்கள் விடுதியிலேயே இருந்தது, குளிக்கும் தண்ணீரும் துணி துவைக்கும் தண்ணீரும் வெளியேறும் இடத்தில். நிலைத்த வளர்ச்சி என்றால் வருங்காலத் தலைமுறையினரின் தேவைகளுக்கு ஊறு நேராமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்வது என்ற, 1987ஆம் ஆண்டு ஐ.நா. ஆணையத்தின் பிரண்ட்லாண்ட் அறிக்கையின் வரையறையை அந்தப் பிள்ளைகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தார்கள். தாங்கள் குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். அளவுகளை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போனோம். அந்தக் கழிவுநீரைத் திருப்பிவிட இரண்டு வருடம் ஆனது.

அன்றிலிருந்து மாதம் இரண்டு முறை அதே குளம்தான். திரும்பத் திரும்பப் போவதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஹென்றி கௌல்ஸ் நல்ல உதாரணம். சிகாகோ பல்கலைக்கழகத் தாவரவியலாளரான அவர், மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளில் நடந்து நடந்தே, வெறும் மணலில் புல் பிடித்துக் காலப்போக்கில் அது காடாக மாறும் விதத்தைக் கண்டு 1899இல் எழுதினார். மாணவர்களையும் வருடந்தோறும் அங்கே கூட்டிப் போனார். அந்த மேடுகளைக் காப்பது குறித்து 1916இல் நடந்த அரசு விசாரணையிலும் அவற்றுக்காகப் பேசினார். அவற்றில் ஒரு பகுதி இன்று தேசியப் பூங்கா.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொலைதூரப் பயணம் என்றால் பணம் கட்ட முடியாத, வீட்டில் அனுப்பாத சில பேர் ஒவ்வொரு வருடமும் பின்தங்கிவிடுவார்கள். யார் வரவில்லை என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை. அது இப்போதும் உறுத்துகிறது. குளத்துக்கு எல்லோராலும் வர முடிகிறது.

எங்களுடைய குளத்து நோட்டு ஒன்றுதான். ஒரு வகுப்பு படித்து முடித்துப் போகும்போது அடுத்த வகுப்பிடம் கொடுத்துவிட்டுப் போகும். தான் முதலில் பார்த்த நிலையையே இயல்பான நிலை என்று ஒவ்வொரு தலைமுறையும் எடுத்துக்கொள்கிறது என்று மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் எழுதினார். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இன்றைய குளம் மட்டும்தான் தெரியும். அதனால் முதல் வகுப்பிலேயே பழைய பக்கங்களை வாசிக்கச் சொல்கிறேன். கயிற்றில் கட்டிய கறுப்பு வெள்ளைத் தட்டை நீரில் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பதுதான் அவர்களுக்கு ரொம்பப் பிடித்த வேலை. கழிவுநீர் நின்ற பிறகு அந்த ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவருவது நோட்டில் இருக்கிறது. சில மாதங்களில் திடீரென்று குறைந்தும் இருக்கிறது. அதற்குக் காரணம் மழையா, கலங்கிய சேறா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

ஒரே இடத்தை இப்படி வருடக்கணக்காகக் குறித்து வரும் கல்லூரிகள் வேறு இருக்கும். அவர்களையும் எழுதச் சொல்லி உங்கள் இதழில் இடம் கொடுங்கள். அவர்களுடைய அளவுகளோடு எங்கள் நோட்டை ஒப்பிட்டுப் பார்க்க என் மாணவர்கள் ஆவலாக இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு தாவரவியல் ஆசிரியை