ஒரே கட்டடத்துக்கு மாறவிருக்கும் தொண்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளே, வணக்கம்.

உணவு வழங்கல், சட்ட உதவி, கடன் ஆலோசனை, வேலைவாய்ப்பு எனத் தனித்தனி இடங்களில் இயங்கும் நீங்கள் ஒரே கட்டடத்துக்கு வருவது நல்ல முடிவு. வறுமையில் இருப்பவருக்கு ஒவ்வோர் அலுவலகப் படியும் அரைநாள் கூலி இழப்பு. சொன்ன கஷ்டத்தையே புதிய முகத்திடம் மறுபடி சொல்ல வேண்டிய வேதனை வேறு. ஆனால் இப்படிப்பட்ட பேச்சுகள் பெரும்பாலும் வாடகை மிச்சத்தோடு நின்றுவிடுகின்றன. நான்கு பெயர்ப்பலகையை ஒரு வாசலில் மாட்டிவிட்டு உள்ளே நான்கு வரிசை, நான்கு படிவம் வைத்தால், வந்தவருக்கு மிச்சம் பேருந்துக் கட்டணம் மட்டும்தான். மிச்சமாகும் வாடகையில் முதல் பங்கை வரவேற்பு மேசைக்கு ஒதுக்குங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அங்கே இருப்பவர், வந்தவரின் தேவையைக் கேட்டு, உரிய மேசை வரை கூடவே நடந்து போய் அறிமுகப்படுத்த வேண்டும். "மூன்றாம் மாடிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் பலர் போய்ச் சேர்வதில்லை. வரிசையைப் பார்த்ததும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார்கள். அந்த ஊழியரின் சம்பளத்தை ஒரே நிறுவனம் கொடுத்தால் நாளடைவில் அவர் அந்த நிறுவனத்தின் ஆளாகிவிடுவார். பொதுக் கணக்கிலிருந்து கொடுங்கள். எத்தனை பேரை அனுப்பினோம் என்பதைவிட, எத்தனை பேர் அடுத்த மேசையில் போய் உட்கார்ந்தார்கள் என்று மாதாமாதம் எண்ணுங்கள்.

பெயர், முகவரி, குடும்ப விவரத்துக்கு ஒரே படிவம் போதும். ஒப்புதலை மட்டும் மொத்தமாக வாங்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிக் கட்டம், எந்தத் தகவல், எவ்வளவு காலத்துக்கு என்று இருக்கட்டும். மறுத்தாலும் சேவை கிடைக்கும் என்பதை வாய்விட்டும் சொல்லுங்கள். சட்ட உதவிக் கோப்புகள் பொதுக் கணினியில் வேண்டவே வேண்டாம். ஒரே வழக்கின் எதிரெதிர்த் தரப்பினர் ஒரே நாளில் வரக்கூடும். குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் தனி வாசலும் தனிக் காத்திருப்பு அறையும் தேவை. அவர்கள் தங்கும் இல்லத்தின் முகவரி இந்தக் கட்டடத்தின் எந்தப் பலகையிலும் இருக்கக் கூடாது.

சுவர்களை நேரில் போய்ப் பாருங்கள். தடுப்புச் சுவர் ஃபால்ஸ் சீலிங் வரை மட்டும் எழுந்திருந்தால், பக்கத்து அறையில் பேசும் கடன் தொகை மேல்வழியாக இங்கே கேட்கும். சுவர் மேல்தளம் வரை முட்ட வேண்டும். கதவின் அடி இடுக்கையும் அடைக்க வேண்டும். சக்கர நாற்காலி திரும்ப ஏறக்குறைய 150 செ.மீ. குறுக்களவு இடம் வேண்டும். சரிவுப் பாதை 1:12-க்கு மேல், அதாவது 12 அடி நீளத்துக்கு ஓர் அடி ஏற்றத்துக்கு மேல், செங்குத்தாக இருந்தால் பலரால் தனியாக ஏற முடியாது.

செலவுப் பங்கீட்டில்தான் உறவு கசக்கும். 10,000 சதுர அடியில் 6,000 தனி அறைகள், 4,000 பொது இடம் என்று வையுங்கள். 1,500 சதுர அடி வைத்திருக்கும் நிறுவனம் தனி இடத்தில் கால்பங்கு. எனவே பொது இடத்திலும் 1,000 சேர்த்து 2,500 சதுர அடிக்கு வாடகை கொடுக்கும். வாடகைக்கு இந்தக் கணக்கு சரி. துப்புரவுக்கும் தண்ணீருக்கும் இதையே பிடித்தால் தகராறுதான்: உணவு வழங்கும் நிறுவனத்துக்குச் சிறிய அறைதான், கூட்டமோ அதற்குத்தான் அதிகம். அந்தச் செலவுகளை வருவோர் எண்ணிக்கைப்படி பிரித்து, ஆண்டுக்கொருமுறை திருத்துங்கள். சிறிய நிறுவனம் நசுங்காதபடி உச்சவரம்பும் வையுங்கள்.

மானியம் நின்றுபோய் ஒரு நிறுவனம் வெளியேறினால் அதன் வாடகை யார் தலையில்? கட்டட உரிமையாளருடனான மூல வாடகை ஒப்பந்தம் ஒரே நிறுவனத்தின் பெயரில் இருந்தால், அது விலகும் நாளில் மற்றவர்களும் தெருவுக்கு வரலாம். ஆறு மாத முன்னறிவிப்பு, குறைந்தது மூன்று மாத வாடகைக்கான பொது வைப்பு, மற்றவர்கள் ஒப்பந்தத்தை ஏற்று நடத்தும் உரிமை ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். விலகும் நிறுவனத்தின் பயனாளிகளை யார் ஏற்பது, அவர்கள் கோப்புகள் யாரிடம் போகும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

அன்புடன்,
பகிர்வு மையங்களில் பணிபுரிவோர்