அக்காவுக்கு: அந்த ஆட்டத்தை நான் ஏன் பாதியில் விட்டேன்

அன்புள்ள அக்கா,

நீயும் சேர்ந்து உருவாக்கிய அந்த ஆட்டத்தை நேற்று கணினியிலிருந்து நீக்கிவிட்டேன். சேவ் கோப்புகளையும் சேர்த்தே நீக்கினேன். அவை கிடந்தால், விரிவாக்கப் பகுதி வெளியாகும் நாளில் மறுபடியும் உள்ளே நுழைந்துவிடுவேன். கடைசிவரை விளையாடிவிட்டு அபிப்பிராயம் சொல் என்று நீ கேட்டிருந்தாய். கடைசிவரை போகவில்லை. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்; ஆனால் என்னைப் போகவிடாமல் செய்தது எது என்பதைச் சொல்லாமல், வெறும் மன்னிப்போடு ஒதுங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

தொலைபேசியில் பேசியிருக்கலாமே என்பாய். தொலைபேசியில் நீ விளக்கம் சொல்வாய், உன் விளக்கங்கள் பெரும்பாலும் நியாயமானவை, நான் ஒப்புக்கொண்டுவிடுவேன். பிறகு ஆட்டத்துக்குள் போனதும் அதே எரிச்சல் திரும்பி வரும். எழுதினால்தான் முழுவதையும் சொல்ல முடியும். ஆட்டத்தின் பெயரையோ அதைச் செய்தவர்களின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. உன்னோடு வேலை செய்கிறவர்கள் இதை வாசிக்கக்கூடும். நீ கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் எதையெல்லாம் வெளியே பேசக் கூடாது என்கின்றன என்பதும் எனக்குத் தெரியாது. எனவே உன் பங்கு இன்னதுதான் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கும்படியான விவரங்களைத் தவிர்க்கிறேன். ஓரிடத்தில் மட்டும் முழுவதுமாகத் தவிர்க்க முடியவில்லை.

அந்த உலகம் அழகானது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வடக்கு மலைச்சரிவில் மாலை வெயில் இறங்குவதைப் பார்ப்பதற்காகவே பலமுறை குதிரையை நிறுத்தியிருக்கிறேன். என் மனக்குறை ஒன்றுதான்: அத்தனை பெரிய உலகம் என்னைச் சுற்றியே அசைகிறது. நான் இல்லாதபோது அங்கே எதுவும் இல்லை.

நான் லெவல் ஏறினால் காட்டிலுள்ள ஓநாயும் லெவல் ஏறுகிறது. தொடக்கத்தில் என்னை ஓட ஓட விரட்டிய வழிப்பறிக்காரனிடம் கணக்குத் தீர்க்க, நல்ல வாளும் கவசமும் சேர்த்துக்கொண்டு திரும்பிப் போனேன்; அதற்குள் அவனும் அதே தரத்து வாளோடும் கவசத்தோடும் நின்றுகொண்டிருந்தான். 2006இல் ஒப்லிவியன் என்ற ஆட்டம் வெளிவந்தபோது, கண்ணாடிக் கவசத்தை மாட்டிக்கொண்டு 100 பொற்காசுக்காக வழிமறிக்கும் கொள்ளைக்காரனைப் பற்றி நாமிருவரும் எவ்வளவு நேரம் கோபமாகப் பேசினோம் என்பது உனக்கு நினைவிருக்கும். அந்தக் கவசத்தை விற்றால் அவன் கொள்ளையடிக்கவே தேவையில்லை என்று நீதான் சொன்னாய். அதை அன்றைக்கே கண்டுபிடித்த நீ இருக்கும் இடத்திலிருந்து, இத்தனை ஆண்டுகள் கழித்து, அதே கொள்ளைக்காரன் எப்படி வெளியே வந்தான்?

2001இல் வந்த காதிக் ஆட்டத்தில் காட்டு விலங்கு வலிமையானது என்றால், அது இருந்த இடத்தில் அதே வலிமையோடு இருந்தது. நாம்தான் பயந்து திரும்பி, பயிற்சி தருகிறவர்களைத் தேடிக் கற்றுக்கொண்டு, ஒருநாள் மறுபடி அந்த வழியே போக வேண்டும். அந்தப் பயம்தான் வரைபடத்துக்குப் பொருள் கொடுத்தது: இந்தப் பாலத்துக்கு அப்பால் போகாதே, இருட்டிய பிறகு அந்தப் பக்கம் திரும்பாதே என்று நாமாகவே எல்லைகள் வகுத்துக்கொண்டோம். 2022இல் எல்டன் ரிங், வாசலைத் தாண்டியதுமே பொற்கவசம் அணிந்த குதிரைவீரனை நம் முன்னால் நிறுத்தியது. அவனோடு மோதிச் செத்தவர்கள், மோதியாக வேண்டியதில்லை, சுற்றிக்கொண்டு போகலாம், பிறகு வரலாம் என்று தாங்களாகவே புரிந்துகொண்டார்கள். எங்கே போனாலும் நான் சமாளிக்கக்கூடியது மட்டுமே எதிரே வரும் என்று தெரிந்துவிட்டால், எங்கே போவது என்ற கேள்விக்கே மதிப்பில்லாமல் போகிறது. பெட்டிகளுக்குள் இருக்கும் பொருள்களும் அப்படித்தான்; என் லெவலைப் பார்த்து நிரப்பப்படும் பெட்டியை யாரும் எங்கும் ஒளித்துவைக்கவில்லை.

இரண்டாவது, அந்தத் தாய். யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். பிள்ளையைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், விடிவதற்குள் காப்பாற்றுங்கள் என்று அழுகிறாள். குரல் கொடுத்தவரின் நடிப்பு அவ்வளவு உண்மையாக இருந்ததால் நான் செய்துகொண்டிருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினேன். பின்னர் வேறொரு குவெஸ்டில், அதாவது ஆட்டம் தரும் வேறொரு பணியில், அதே மாதிரி அவசரத்தை வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விட்டுப் பார்த்தேன். நாட்கள் போயின, மழை வந்தது, நின்றது. அந்த மனிதர் அதே வாசற்படியில் நின்று, அதே நடுக்கத்தோடு, விடிவதற்குள் என்றார். அதன் பிறகு அந்தத் தாயின் அழுகையும் எனக்குப் பொய்யாகிவிட்டது. 1997இல் ஃபால்அவுட் ஆட்டம், தண்ணீர் இயந்திரத்துக்கு வேண்டிய சில்லைத் தேட 150 நாள் கெடு வைத்தது. அது பலருக்கும் பிடிக்கவில்லை என்பதை அறிவேன், கெடு வை என்று உன்னிடம் கேட்கவும் இல்லை. நான் போகாவிட்டால் அவள் தானே விளக்கை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கட்டும் என்கிறேன். நான் காலியான வீட்டைப் பார்த்து வருந்தட்டும். அந்த வருத்தத்தை எனக்குக் கொடுக்க நீங்கள் ஏன் இவ்வளவு தயங்குகிறீர்கள்?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தேன், அக்கா. விட்டது வேறொன்றுக்காக.

மாரோவிண்ட் என்ற பழைய ஆட்டத்தில் ஆர்க்ந்தாண்ட் இடிபாடுகளைத் தேடிப் போன அந்த மாலையை நீ மறந்திருக்க மாட்டாய். மௌஸ் உன் கையில்; குறிப்பேட்டை உரக்க வாசிப்பது என் வேலை. எல்லாம் வந்த வரிசையிலேயே எழுதப்பட்டிருந்த குறிப்பேடு அது; குவெஸ்ட் வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி, விரிவாக்கமான டிரிபியூனலோடுதான் வந்தது. பால்மோரா ஊரிலிருந்து தெற்கே வெளியேறு, மூன்மோத் கோட்டையைக் கடந்து போ, ஃபோயாடா மமேயா பள்ளத்தின் மேல் நிற்கும் மறைந்துபோன ட்வெமர் இனத்தவரின் பழைய பாலத்தைத் தாண்டு: இவ்வளவுதான் நமக்குக் கிடைத்த வழி. அம்புக்குறி இல்லை. மூடுபனிக்குள் கோட்டை தெரிந்தபோது நீ எழுந்து நின்றுவிட்டாய். பாலத்தில் நடந்தபோது கீழே பார்க்காதே என்று நான் சொன்னேன், ஏதோ நாமே அதன் மேல் நடப்பது போல. அங்கே போய்ச் சேர்ந்தால் வாசல் திறக்கவில்லை. பூட்டு இல்லை, சாவித்துளை இல்லை, எந்தக் குறிப்பும் இல்லை. வந்த வழியே திரும்பிப் போவதா என்று கூட யோசித்தோம். கடைசியில் நீ, அந்தக் குழாயில் ஒரு திருகுப்பிடி இருக்கிறதே, என்று மிக மெதுவாகச் சொன்னாய். திருகினாய். கல் உருளையாகப் பிளந்து வாசல் திறந்தது. நாம் இருவரும் கத்திய கத்தலில் அம்மா ஓடி வந்தாள்.

உள்ளே தேடிய புதிர்ப்பெட்டி அலமாரித் தட்டில் சும்மா உட்கார்ந்திருந்ததையும், அதைப் பார்க்காமல் தாண்டிப்போய் அடியாழம்வரை அலைந்ததையும் இங்கே விவரிக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது அந்தத் திருகுப்பிடியை.

இந்த ஆட்டத்திலும் ஒரு திருகுப்பிடி இருக்கிறது. எந்தப் பகுதியில் என்று சொல்லமாட்டேன். ஒரு பள்ளம், ஒரு பாலம், திறக்காத வாசல், ஓரமாக உடைந்த குழாய். தூரத்திலிருந்து பாலத்தைப் பார்த்ததுமே அதை வைத்தது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எத்தனை கூட்டங்களைத் தாண்டி, எத்தனை பேரிடம் வாதாடி நீ அதை உள்ளே கொண்டுவந்தாயோ. உலகம் முழுவதும் விளையாடும் ஓர் ஆட்டத்துக்குள் எனக்கென்று ஒன்றை ஒளித்துவைத்திருக்கிறாய் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. குதிரையிலிருந்து இறங்கி நடந்தே பாலத்தைக் கடந்தேன். அவசரப்படக் கூடாது, நிதானமாகத் தேட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாசல் முன்னால் நின்ற அந்தக் கணத்திலேயே திருகுப்பிடியைச் சுற்றி ஒரு பொன்வட்டம் ஒளிர்ந்தது. திரையின் மேற்பகுதியில் அம்புக்குறி அதை நோக்கித் திரும்பியது. போதாதென்று, என் கதாபாத்திரமே வாய் திறந்து, அந்தத் திருகுப்பிடி வாசலைத் திறக்கக்கூடும் என்று சொன்னது. நான் இன்னும் தலையைக்கூடத் திருப்பியிருக்கவில்லை. எனக்காக நீ ஒளித்துவைத்ததை, நான் தேடத் தொடங்குவதற்கு முன்பே ஆட்டம் எடுத்துக் கையில் திணித்துவிட்டது.

திருகாமலே வெளியேறினேன்.

உன் பக்கத்து நியாயங்கள் எனக்குத் தெரியும். என்னைவிட யாரும் அவற்றை அதிகம் கேட்டிருக்க முடியாது. மாரோவிண்டில் பேச்சில் பெரும்பகுதி எழுத்தாகவே இருந்தது. ஒப்லிவியன் முதற்கொண்டு உரையாடல் முழுவதும் குரலாகிவிட்டது. நடிகரை வைத்துப் பதிவு செய்த பிறகு ஒரு குகையை ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாற்றினால், வழி சொல்லும் வரிகள் எல்லாம் பொய்யாகிவிடும். போக வேண்டிய இடத்தைக் காட்டும் மார்க்கருக்கு அந்தச் சிக்கல் இல்லை, குகை நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். நாளெல்லாம் உழைத்துவிட்டு இரவில் சிறிது நேரம் மட்டும் விளையாட வருகிறவர் அந்த நேரத்தை வழி தவறுவதில் செலவிட விரும்பமாட்டார் என்பாய். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த ஒளிவட்டம் இல்லாமல் முடியாது என்பாய். இவை எதையும் நான் மறுக்கவில்லை. வட்டத்தை எல்லோரிடமிருந்தும் பிடுங்கு என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை.

வேண்டாதவர்கள் அமைப்புகளில் போய் அணைத்துக்கொள்ளலாமே என்று மட்டும் சொல்லாதே. அணைத்துப் பார்த்தேன். அம்புக்குறி போய்விட்டது, ஆனால் அதற்குப் பதிலாக வழி சொல்ல அந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. என் மகளை அந்தக் குகையில் வைத்திருக்கிறார்கள் என்கிறார்களே தவிர, எந்தக் குகை, எந்தத் திசை, பக்கத்தில் என்ன மரம், என்ன பாறை என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. குறிப்பேட்டிலும் இல்லை. மார்க்கரை நம்பியே எழுதப்பட்ட வசனங்கள் அவை. மார்க்கரை எடுத்தால் கீழே தாங்குவதற்கு ஒன்றுமில்லை. தெரிவு கொடுத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, ஒரு வாசலுக்குப் பின்னால் மட்டும் அறை கட்டாமல் விட்டிருக்கிறீர்கள். இது அலுப்பில் நடந்தது. உன்னைப் போன்றவர்கள் இருக்கும் இடத்தில் இந்த அலுப்பு நடக்கக் கூடாது என்பதுதான் என் கோபம்.

பிரெத் ஆஃப் தி வைல்ட் ஆட்டத்தை உருவாக்கிய குழுவினர் 2017இல் தங்கள் மலைகளை ஏன் முக்கோண வடிவில் அமைத்தார்கள் என்று விளக்கியதை நீ எனக்கு எவ்வளவு ஆசையோடு சொன்னாய். பெரிய முக்கோணம் பின்னால் இருப்பதை மறைக்கிறது. ஏறுவதா சுற்றுவதா என்று யோசிக்க வைக்கிறது. ஏற ஏறப் புதியதொன்று தலைகாட்டுகிறது. பார்ப்பவரின் கால் தானாகவே அங்கே போகிறது. அம்பு இல்லாமல் நடத்திச் செல்வது இதுதான் என்று சொன்னபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. இதை அறியாதவர்கள் செய்திருந்தால் நான் இரண்டு வரி திட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போயிருப்பேன்.

அந்தப் பொன்வட்டத்தை நீ வைத்திருக்க மாட்டாய் என்றுதான் முதலில் நம்பினேன். சோதனையில் விளையாடியவர்கள் அந்த வாசலில் மாட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள், மேலிருந்து யாரோ போடச் சொல்லியிருப்பார்கள், நீ வாதாடித் தோற்றிருப்பாய். பிறகு, ஒருவேளை நீ வாதாடவே இல்லையோ, வேலைக் களைப்பில் சரி என்று சொல்லிவிட்டாயோ என்றும் தோன்றியது. அப்படி நினைத்ததற்கு மன்னித்துக்கொள். ஆனால் அந்தச் சந்தேகத்தை என் மனத்தில் கிளப்பியது உன் ஆட்டம்தான். எது நடந்தது என்று பொதுவில் பதில் எழுதாதே. உனக்குத் தொல்லை வரும். எனக்கு மட்டும் சொல்.

விரிவாக்கப் பகுதியில் சில ஊர்கள் உன் கையில் இருக்கின்றன என்று நீயே பொதுவில் சொல்லியிருக்கிறாய். அவற்றில் ஏதாவது ஒன்றில், ஒரே ஒரு இடத்துக்காவது, வழியை எழுத்தில் கொடு. குரல் பதிவுக்குப் பணம் ஒதுக்கமாட்டார்கள் என்றால் ஒரு கடிதமாகக் கொடு, சுவரில் ஒட்டிய அறிவிப்பாகக் கொடு, கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் யாரோ கிறுக்கியதாகக் கொடு. இவற்றுக்கு நடிகர் தேவையில்லை, குகையை மாற்றினால் வரியையும் மாற்றிக்கொள்ளலாம். மார்க்கரை அணைத்துவிட்டு அதை மட்டும் நம்பி என்னால் ஓரிடத்துக்குப் போய்ச் சேர முடியும் என்று சொல். மறுநாளே ஆட்டத்தை மறுபடியும் இறக்கி, விட்ட இடத்திலிருந்து அல்ல, முதலிலிருந்து தொடங்குகிறேன். அதையும் அவர்கள் வெட்டிவிட்டால் வெட்டிவிட்டார்கள் என்று சொல், புரிந்துகொள்வேன். நீயே எழுதாமல் விட்டுவிட்டு நேரம் இல்லை என்று மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
உன் தம்பி