மீதி செத்தவை அல்ல

அன்புள்ள நண்பா,

முழங்கால் வலி குறைந்ததா? உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. பாக்டீரியா வளர்க்கும் ஒரு தட்டுக்காகக் காத்திருந்தேன்.

படித்த காலத்தில் மண் கரைசலைச் சத்து நிறைந்த அகார் கூழில் தடவி, மூன்றாம் நாள் காலனிகளை, அதாவது பாக்டீரியா பெருகி உண்டான புள்ளிகளை, எண்ணிவிட்டுத் தட்டைக் கழுவப் போட்டுவிடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? நுண்ணோக்கியில் நூறு செல் தெரிந்தால் தட்டில் ஒன்று வளர்வதே அதிகம். ‘மீதி செத்தவை’ என்று ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம்!

இந்த முறை அந்தக் கூழின் சத்தை நூறு மடங்கு நீர்க்கடித்து, தட்டுகளை ஓரமாக வைத்துவிட்டேன். ஐந்தாம் வாரம் ஊசிமுனை அளவில் காலனிகள். விருந்துக்கு வராதவை அரைவயிற்றுச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கின்றன.

யோசித்துப் பார்த்தால் மண்ணில் பட்டினிதான் அன்றாடம். ஒரு வேர்நுனி கசிந்தாலோ புழு ஒன்று செத்தாலோதான் சாப்பாடு. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும் என்று மனப்பாடம் செய்தோமே, அது குடுவைக் கணக்கு. மண்ணில் பல பாக்டீரியாக்கள் ஆண்டுக்குச் சில தடவை பிரிந்தாலே பெரிது. அமினோ அமிலம் தீர்ந்து, அதைக் கோத்துப் புரதம் கட்டும் ரைபோசோம் வேலையின்றி நின்றதும் பிபிஜிபிபி என்ற சிறு மூலக்கூறு செல்லுக்குள் பெருகி, புது ரைபோசோம் கட்டும் வேலையைக் குறைத்துவிடும். கையிருப்பு உயிரைக் காக்கப் போகும்.

பேசில்லஸ் என்ற மண் பாக்டீரியாவின் சங்கதி வேறு. பட்டினியில் அது வித்தாக, அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் செல்லாக, மாறப் பல மணி நேரம் பிடிக்கும், பாதி வழிக்கு மேல் திரும்பவும் முடியாது. அதனால் முதலில் தயாரான செல்கள் நஞ்சைக் கக்கி, இன்னும் தயாராகாத உடன்பிறப்புகளைக் கொன்று, அந்தச் சத்தை உண்டு முடிவைத் தள்ளிப்போடும். சொத்துத் தகராறெல்லாம் இதன் முன் எம்மாத்திரம்! ஆர்த்ரோபாக்டர் என்ற இன்னொரு மண் பாக்டீரியா சாது. வித்தே கிடையாது. கோல் வடிவிலிருந்து சிறு உருண்டையாகிப் பல மாதம் அப்படியே கிடக்கும்.

அப்புறம், என்னை அசர வைத்த விஷயம் ஒன்று. காற்றில் ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் அரைப் பங்குதான். கரிமச் சத்து தீர்ந்த மண் பாக்டீரியாக்கள் பலவும், ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளும்கூட, அதைப் பிடித்து எரித்து உயிரை ஓட்டுகின்றன. காற்றிலிருந்து நீங்கும் ஹைட்ரஜனில் பெரும்பங்கு மண்ணுக்குள்தான் போகிறதாம். காற்றைக் குடித்து உயிர் வாழ்ந்த முனிவர் கதைகளை இனிமேல் நான் கேலி செய்ய மாட்டேன்.

நிஜமாகவே செத்தவையும் அந்த நூறில் கொஞ்சம் இருந்திருக்கும், சரி. ஆனாலும் உன் ரெக்கார்ட் நோட்டு இன்னும் பரணில் கிடந்தால் அந்த வரியை அடித்துவிடு. என்னுடையதில் நேற்றே அடித்துவிட்டேன்.

உன் பழைய லேப் கூட்டாளி